கேமராவுக்கு முந்தியது பதிவேடு

ஆசிரியர் இல்லாத வகுப்பறையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்பட்ட ஆசிரியர், போகிற போக்கில் வகுப்புத் தலைவனிடம் சாக்பீசைக் கொடுத்து, "பேசுறவங்க பேர எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போவார். அவன் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுவான். அதுவரை சந்தைபோல் இரைந்துகொண்டிருந்த வகுப்பு அந்த அடிக்கோட்டோடு அடங்கிவிடும். பிறகு ஒரு பெயர் ஏறும். அவனே மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். "நான் பேசலடா, ரப்பர்தான் கேட்டேன்" என்று முறையிட்டால், முறையிட்டதற்காகவே இன்னொரு குறி விழும். திரும்பி வரும் ஆசிரியர் என்ன நடந்தது என்று யாரையும் விசாரிப்பதில்லை, பலகையைப் பார்ப்பார். பலகையில் இருப்பதுதான் நடந்தது.

அதிகாரம், கண்காணிப்பு, சொல்லாடல் என்று நவீன சமூகக் கோட்பாட்டில் அடிக்கடி அடிபடும் மூன்று சொற்களும் இந்தச் சிறிய காட்சிக்குள் இருக்கின்றன. வகுப்பை அடக்கிவைத்த அதிகாரம் அங்கே இல்லாத ஆசிரியருடையது. பார்த்துக்கொண்டிருந்தவனோ அவர்களில் ஒருவன். ரப்பர் கேட்டவனையும் கதை பேசியவனையும் 'பேசியவர்கள்' என்ற ஒரே தலைப்பு ஒரே வகைக்குள் அடைத்துவிட்டது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்துச் சிந்திக்கக் கற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ (1926–1984). தமிழில் 1990களில் சிற்றிதழ்கள் வழியாக அவருடைய பெயர் பரவியபோது, கட்டுரைகளின் மொழிநடையே பலரை மிரட்டி விலக்கிவிட்டது என்பது என் எண்ணம். அவர் சொன்னவற்றின் அடிப்படை அவ்வளவு கடினமானதல்ல.

முதல் தடுமாற்றம் 'அதிகாரம்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும், பதவியோடு வரும், பதவி போனால் போய்விடும். "ரொம்ப அதிகாரம் பண்ணாதே" என்று வீட்டில் சொல்லும்போதுகூட, மேலே இருந்து கீழே வரும் ஓர் அதட்டலைத்தான் குறிப்பிடுகிறோம். ஃபூக்கோ பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல்லுக்கு இயலுதல், செய்ய முடிதல் என்ற வினைப்பொருளும் உண்டு. அதனால் அவருக்கு அதிகாரம் என்பது ஒருவர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பொருளாகத் தோன்றவில்லை. ஒருவருடைய செயல் இன்னொருவருடைய செயலின் எல்லைகளை வகுத்துவிடும் உறவாகத் தோன்றியது. மருத்துவருக்கும் நோயாளிக்கும், ஆசிரியருக்கும் மாணவருக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் ஓயாமல் நடந்துகொண்டிருப்பது அது. தடுப்பதும் தண்டிப்பதும் அதன் ஒரு முகம் மட்டுமே. பழக்கங்களையும் திறமைகளையும் ஆசைகளையும், 'நல்ல மாணவன்', 'ஒழுங்கான தொழிலாளி' போன்ற மனித வகைகளையும் உருவாக்குவது அதன் மறுமுகம். ஃபூக்கோவின் ஆர்வம் பெரும்பாலும் இந்த மறுமுகத்தில்தான் இருந்தது.

1975இல் வெளிவந்த சிறைச்சாலை வரலாறு பற்றிய அவருடைய நூல் இரண்டு காட்சிகளோடு தொடங்குகிறது. முதல் காட்சி 1757ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் நகரில் நடந்தது. பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் குத்திய தாமியன் என்பவரை, மக்கள் கூடிய சதுக்கத்தில் குறடுகளால் சதையைப் பிய்த்து, குதிரைகளைப் பூட்டி இழுத்துக் கொன்றார்கள். இரண்டாம் காட்சி அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட, பாரிசின் இளங்கைதிகள் இல்லத்துக்கான ஒரு கால அட்டவணை. குளிர்காலத்தில் காலை 6 மணிக்கும் கோடையில் 5 மணிக்கும் கைதிகளின் நாள் தொடங்கும். முதல் முரசொலிக்கு அவர்கள் எழுந்து மௌனமாக உடுத்திக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த முரசொலிகளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்த அட்டவணை நீண்டுகொண்டே போகிறது. இரத்தம் சிந்தாத, சலிப்பூட்டும் ஆவணம் அது.

மனிதர்கள் இரக்கமுள்ளவர்களாக மாறியதால் தண்டனை மாறியது என்ற வழக்கமான விளக்கம் ஃபூக்கோவுக்குப் போதவில்லை. பொது இடத்தில் சித்திரவதை செய்வது ஆட்சிக்கே ஆபத்தாக முடிவதுண்டு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சில நேரங்களில் கைதியின் பக்கம் சாய்ந்து கொலைகளத்தையே தாக்கியிருக்கிறது. செலவும் ஆரவாரமும் மிகுந்த அந்த முறையைவிட, ஓசையின்றி நாள் முழுதும் இயங்கும் ஒழுங்குமுறை கூடுதல் பலன் தந்தது. படை முகாமும் பள்ளிக்கூடமும் தொழிற்கூடமும் மருத்துவமனையும் அதே காலத்தில் அதே வழியில் மாறிக்கொண்டிருந்தன. நூலின் பிரெஞ்சுத் தலைப்பில் முதலில் நிற்கும் சொல் கண்காணித்தலைக் குறிப்பது. 1977இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடத்துக்கு ஒழுங்கைக் குறிக்கும் சொல் வந்துவிட்டது. அந்த மாற்றம் ஃபூக்கோவுக்கு உடன்பாடாகவே நடந்தது. பார்ப்பதும் ஒழுங்குபடுத்துவதும் அவருக்கு எவ்வளவு நெருங்கிய செயல்கள் என்பதை இந்த ஒரு தகவலே சொல்லிவிடும்.

இனி, எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்தக் கோபுரத்துக்கு வருவோம். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தம் 1791இல் 'பனாப்டிகான்' என்ற சிறைக் கட்டடத்துக்கான திட்டத்தை வெளியிட்டார். வளையல்போல் வட்டமாக ஒரு கட்டடம் இருக்கும். அதன் சுற்றில் அறைகள். ஓர் அறைக்கு ஒருவர். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு சன்னல்கள் உண்டு. வெளிப்புறச் சன்னல் வழியே வரும் வெளிச்சத்தில், உள்ளே இருப்பவரின் உருவம் நிழற்படம்போல் துலங்கும். உட்புறச் சன்னல் நடுவிலுள்ள கோபுரத்தைப் பார்த்திருக்கும். கோபுரத்துக்குத் திரைகள் உண்டு. காவலரின் நிழல்கூட வெளியே விழாதபடி அதன் உட்சுவர்களை அமைக்க வேண்டும் என்பது வரை பெந்தம் யோசித்திருந்தார். கைதிக்குக் கோபுரம் எப்போதும் தெரியும். அதற்குள் இந்த நொடியில் ஆள் இருக்கிறாரா என்பது ஒருபோதும் தெரியாது. தெரியாததால், எப்போதும் இருப்பதாக எண்ணியே அவர் நடந்துகொள்வார். காவலர் ஊருக்குப் போய்விட்டாலும் வேலை நடக்கும். நாளடைவில் கைதி தன்னைத் தானே காவல் காக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த யோசனை சிறைக்காகப் பிறக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெந்தமின் தம்பி சாமுவேல், உருசியப் பேரரசில் இளவரசர் பொட்டெம்கினின் பண்ணையிருந்த கிரிச்செவ் என்னும் ஊரில், தொழிலாளர்களை மேற்பார்வை பார்ப்பதற்காக வகுத்த பட்டறைத் திட்டம் அது. அண்ணன் அங்கே போயிருந்தபோது அதைக் கண்டு, 1787இல் கடிதங்களாக விரித்தெழுதினார். சிறைக்கு மட்டுமின்றி மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஏழைகள் இல்லத்துக்கும் இது பொருந்தும் என்று அவரே பெருமையோடு குறிப்பிட்டார். இலண்டனில் அதைக் கட்ட அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தும் அது எழவில்லை; 1813இல் அரசு அவருக்கு 23,000 பவுண்டு இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடித்தது. கட்டப்படாத ஒரு கட்டடத்தை நவீனச் சமூகத்தின் அடையாளமாக்கலாமா என்று வரலாற்றாசிரியர்கள் ஃபூக்கோவைக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் அதை ஒரு வரைபடமாகவே எடுத்துக்கொண்டார். அதிகாரம் தன் கனவில் எப்படி இருக்க விரும்புகிறது என்பதைக் காட்டும் வரைபடமாக.

எனக்கு வேறொரு குறை உண்டு. கோபுரத்தின் உருவம் அவ்வளவு கவர்ச்சியாக இருப்பதால், ஃபூக்கோவைப் படிப்பவர்கள் கோபுரத்தோடு நின்றுவிடுகிறார்கள். தெருமுனையில் கண்காணிப்புக் கேமராவைக் கண்டதும் பனாப்டிகான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே நூலில், கோபுரத்துக்குச் சில பக்கங்களுக்கு முன்னால், 17ஆம் நூற்றாண்டு இறுதியில் கொள்ளைநோய் பரவும் நகரத்துக்காக எழுதப்பட்ட ஒரு விதிமுறை வருகிறது. நகரம் தெருத்தெருவாகப் பிரிக்கப்படும். தெரு அலுவலர் ஒவ்வொரு வீட்டையும் வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரின் பெயர், வயது, பால் எல்லாம் முதலிலேயே ஓர் ஏட்டில் பதிவாகியிருக்கும். அலுவலர் நாள்தோறும் வந்து பெயரைக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர் தமக்கென ஒதுக்கப்பட்ட சன்னலில் வந்து முகம் காட்ட வேண்டும். முகம் தெரியாவிட்டால் நோய் அல்லது சாவு என்று பொருள். அதுவும் ஏட்டில் ஏறி மேலிடத்துக்குப் போகும். இங்கே கோபுரமே இல்லை. ஏடுதான் இருக்கிறது, கண் அந்த ஏட்டின் பின்னால் நடந்து போகிறது. யாரைப் பார்க்க வேண்டும், எதைக் குறையென்று கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திராத கண்ணுக்கு எதிரில் வெறும் கூட்டம்தான் தெரியும்.

ஆகவேதான் தேர்வு என்ற எளிய சடங்குக்கு ஃபூக்கோ அவ்வளவு இடம் ஒதுக்கினார். தேர்வில் ஒருவரைப் பார்க்கிறோம், அளக்கிறோம், மற்றவர்களோடு ஒப்பிட்டு வரிசையில் நிறுத்துகிறோம், முடிவைக் கோப்பில் சேர்க்கிறோம். பழங்காலத்தில் எழுத்தில் இடம்பெற்றவர்கள் மன்னர்களும் வீரர்களும். நவீன காலத்தில் நோயாளியும் கைதியும் பள்ளிப் பிள்ளையும் எழுத்துக்குள் வந்தார்கள், புகழ்வதற்காக இல்லை, நிர்வகிப்பதற்காக.

சொல்லாடல் என்பது இங்கேதான் நுழைகிறது. அன்றாடத் தமிழில் அது பேச்சையோ உரையாடலையோ குறிக்கலாம். கோட்பாட்டில் அதற்குத் தனிப் பொருள் உண்டு: ஒரு காலத்தில், ஒரு துறையில், எதைப் பேசினால் அது பேச்சாகக் கொள்ளப்படும், யார் பேசினால் காதில் விழும், எந்தச் சான்று சான்றாக எண்ணப்படும் என்பவற்றைத் தீர்மானிக்கும் எழுதப்படாத விதிகளின் தொகுதியே சொல்லாடல். 1970 டிசம்பரில் பாரிசின் உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த ஃபிரான்சில் ஆற்றிய தொடக்க உரையில் ஃபூக்கோ மெண்டலை எடுத்துக்காட்டினார். பட்டாணிச் செடிகளை வைத்து மரபுப் பண்புகளின் விதிகளைக் கண்டறிந்து மெண்டல் 1866இல் வெளியிட்டார். 1900ஆம் ஆண்டு வரை அறிவுலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. மெண்டல் சொன்னது உண்மை. ஆனால், அன்றைய உயிரியல் எதையெல்லாம் உண்மையா பொய்யா என்று கேட்கத் தயாராக இருந்ததோ, அந்த வட்டத்துக்கு வெளியே நின்று அவர் சொன்னார். பொய் சொல்பவருக்குக்கூட வட்டத்துக்குள் இடம் உண்டு, மறுப்பதற்காகவாவது அவரைக் கேட்பார்கள். வெளியே நிற்பவரின் சொல்லுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

சொல்லாடல் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. அது செயலை ஆளாக மாற்றுகிறது. நீதிமன்றத்தின் முன் இருப்பது ஒரு திருட்டு. நாள், இடம், பொருள் எல்லாம் உள்ள ஒரு செயல். சிறைக் கோப்பில் இருப்பவரோ ஒரு 'குற்றவாளி'. குழந்தைப் பருவம், குடும்பம், குணம், போக்கு என்று முழு வாழ்க்கையும் அந்தச் சொல்லின் கீழ் அடுக்கப்பட்டவர். செயலுக்குத் தண்டனை முடியும். ஆள் என்ற வகைக்கு முடிவு தேதி கிடையாது.

இது நம் மண்ணில் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை முதலில் வட இந்தியாவில் கொண்டுவந்தது. சட்டத்தின் முகப்புரையிலேயே பதிவு, கண்காணிப்பு, கட்டுப்பாடு என்ற மூன்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் நிற்பது பதிவு. 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தச்சரின் மகன் தச்சு வேலை செய்வதுபோல், திருடரின் மகன் திருடுவான். இந்தியாவில் எல்லாத் தொழிலும் சாதி வழியே வருவதால் குற்றமும் அப்படித்தான் வரும் என்பது இதற்குப் பின்னாலிருந்த வாதம். அந்த வாதம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சாதிகளையும் பழங்குடிகளையும் எண்ணி, வகைப்படுத்தி, குணம் எழுதி வைத்த கணக்கெடுப்புகளும் மாவட்டக் கையேடுகளும் ஏற்கெனவே அலமாரியில் இருந்தன.

மதுரைச் சீமையின் பிறமலைக் கள்ளர் சமூகத்துக்கு நேர்ந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அவர்களில் பலர் தலைமுறைகளாக ஊர்க்காவல் பார்த்தவர்கள். வயலையும் மாட்டையும் காத்துக் காவல்கூலி பெற்றவர்கள். அரசு தனக்கென ஒரு போலீஸ் துறையை நிறுவியபின், ஊருக்கு இரண்டு காவல் இருக்க இடமில்லாமல் போயிற்று. காவல்கூலி என்று ஊர் சொன்னதை மிரட்டிப் பறிக்கும் பணம் என்று அரசு ஆவணங்கள் எழுதின. கொடுத்த கையும் வாங்கிய கையும் அவையேதான். பெயர் மட்டும் மாறியது, பெயரோடு குற்றமும் வந்தது. காவல் காத்தவர்கள் கண்காணிக்கப்படுபவர்கள் ஆனார்கள்.

சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சமூகத்தில் ஒருவர் எந்த வழக்கிலும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். கைரேகை பதிக்க வேண்டும். குறித்த வேளைகளில் அதிகாரியிடம் ஆஜராக வேண்டும். பலருக்கு அது இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுப்பதாக இருந்தது. வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்று அழைத்தார்கள், அரசு வைத்த பெயரைவிடக் கூர்மையான பெயர் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரையென்று அறிவித்த ஆணை சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று 1871ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. பலகையில் இருப்பதுதான் நடந்தது.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மக்கள் தங்கள் போராட்டத்தைக் கண்ணுக்கு எதிராகத் தொடங்காமல் ஏட்டுக்கு எதிராகத் தொடங்கினார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். விரல் ஒருமுறை மையில் பட்டால் பிறகு பார்வை தானாக வரும் என்பதை அவர்கள் எந்தக் கோட்பாட்டு நூலையும் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள்.

அதிகாரம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும் என்று ஃபூக்கோ 1976இல் எழுதினார். எதிர்ப்பு பல நேரங்களில் அதிகாரம் தந்த சொல்லையே கையில் எடுத்துக்கொள்ளும் என்றும் காட்டினார். குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்கள் இன்று தமிழகத்தில் 'சீர்மரபினர்' என்ற பெயரில் கல்வியிலும் வேலையிலும் உரிமை கோருவது இதற்கு நல்ல சான்று. இழிவுபடுத்த எழுதிய அதே பட்டியலே கோரிக்கைக்கான ஆவணமாகிவிட்டது.

ஃபூக்கோமீது விமரிசனங்களும் உண்டு. எங்கும் அதிகாரம்தான் என்றால் எது நியாயமானது, எது அநியாயமானது என்று எதை வைத்துப் பிரிப்பது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் நான்சி ஃபிரேசர் கேட்டார். இதற்கு ஃபூக்கோவிடம் நிறைவான விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காலனி நாடுகளைப் பற்றி அவர் மிகக் குறைவாகவே பேசினார் என்பதும் உண்மை. பாலஸ்தீன-அமெரிக்க இலக்கிய விமரிசகர் எட்வர்ட் செய்த் 1978இல் சொல்லாடல் என்ற கருவியை எடுத்துக் கீழைத்தேயம் குறித்த மேற்கத்திய எழுத்துகள்மீது பயன்படுத்திய பிறகே அந்த வாசல் அகலமாகத் திறந்தது. ரேகைக் கதையும் அதே வாசலுக்கு உரியது. நிர்வாகத்தில் கைரேகை நுழைந்தது வங்காளம் வழியாக: வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858இல் ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதித்துக்கொண்டார், 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகமே தொடங்கிவிட்டது. ஆளும் நாட்டில் பிறகு பழக்கமான ஒரு கருவி, ஆளப்பட்ட நாட்டில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இன்றைய நிலையைப் பேசும்போது, அடைத்து வைத்து ஒழுங்குபடுத்தும் காலம் போய், திறந்த வெளியில் விட்டுக் கடவுச்சொல்லால் கட்டுப்படுத்தும் காலம் வருகிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜில் தெலூஸ் 1990இல் எழுதியதை அடிக்கடி நினைவுகூர்வார்கள். வங்கிக் கடனுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். அவரை யாரும் எந்தச் சன்னலிலிருந்தும் பார்ப்பதில்லை. 300க்கும் 900க்கும் இடையில் சிபில் ஸ்கோர் என்று ஓர் எண் இருக்கிறது. தவணை தள்ளிப்போனால் அது குறையும் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கணக்கில் எவ்வளவு குறையும் என்பது முழுதாகத் தெரியாது. கடன் தேவைப்படாத மாதத்திலும் "ஸ்கோர் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு வேறு செலவைக் குறைத்துத் தவணையைக் கட்டுகிறார். கோபுரத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்று தெரியாத கைதியின் நிலைதான் இது. கோபுரம் மட்டும் இல்லை, அதன் இடத்தில் ஏடு இருக்கிறது.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஆனால் 1948லேயே, வழக்கமாகக் குற்றம் செய்பவர்கள் என்ற புதிய வகைக்காகச் சென்னை மாகாணம் வேறொரு சட்டத்தை இயற்றியிருந்தது. காவல் நிலையங்களின் பதிவேடுகளில் 'நோன் டிப்ரடேட்டர்' (Known Depredator), அதாவது ஏற்கெனவே அறியப்பட்ட கொள்ளையர், என்ற வகை இருந்தது; அதைச் சுருக்கி இரண்டு எழுத்தில் கே.டி. என்று எழுதுவார்கள். அந்த இரண்டு எழுத்தும் நிலையத்தை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டன. ஒளித்து வைத்த முறுக்கை எப்படியோ கண்டுபிடித்துத் தின்றுவிட்ட பேரனைப் பார்த்து, "சரியான கேடிடா நீ" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்கிறார்.